ரெகே பாடல்கள் சொல்லும் நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

"கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று ரெகே பாடகர்கள் திரும்பத் திரும்பப் பாடுகிறார்களே, அந்த நம்பிக்கைக்கும் அமைதிக்கும் உள்ளே ஏதாவது சரக்கு இருக்கிறதா, இல்லை கடற்கரையில் சாய்ந்து படுத்துக் கேட்பதற்கான இதமான பேச்சுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடம் நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது பாடல்கள் பிறந்த இடமும் நேரமும். கரீபியன் தீவான ஜமைக்காவில் அறுபதுகளின் கடைசியில் பிறந்த இசை ரெகே. அதனால் தத்துவத்தை விட்டுவிட்டு, இடத்தையும் நேரத்தையும் வைத்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஒரு பாட்டிலிருந்து தொடங்கலாம். ரெகேயை உலகமெங்கும் கொண்டுபோன ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் 'நோ உமன், நோ க்ரை' உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கேட்டால் 'பெண் இல்லையென்றால் அழுகையும் இல்லை' என்று பொருள் வரும். காதலில் அடிபட்டவனின் பாட்டு என்றே நானும் எடுத்துக்கொண்டேன். ஜமைக்கா மக்கள் பேசும் பாட்வா மொழியில் அந்த வரிக்குப் பொருளே வேறு. இரண்டாவது 'நோ' அங்கே 'செய்யாதே' என்று தடுக்கிற சொல். "வேண்டாம்மா, அழாதே." அவ்வளவுதான். ஒரு பெண்ணைத் தேற்றுகிற பாட்டு அது.

எதைச் சொல்லித் தேற்றுகிறான் என்பதுதான் முக்கியம். ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் மேற்கே ட்ரெஞ்ச் டவுன் என்ற ஏழைகள் பகுதி. அங்கே அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்புகள் நம் ஊர் ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான்: நடுவில் முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு அடுப்படி. அந்த முற்றத்தில் நாம் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா என்று பாட்டு கேட்கிறது. ஜார்ஜி அடுப்பு மூட்டுவான், விறகுக்கட்டை ராத்திரி முழுக்க எரியும், மக்காச்சோள மாவில் கஞ்சி காய்ச்சுவோம், அதில் உனக்கும் பங்கு தருவேன். ஏறிப் போக வண்டி கிடையாது, என் கால்தான் எனக்கு வண்டி. இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற வரி வருகிறது. நேற்று ஒரு பானைக் கஞ்சியைப் பங்கு போட்டுப் பிழைத்தோமே, நாளைக்கும் பிழைத்துக்கொள்வோம் என்கிற கணக்கு அது.

அந்தக் கஞ்சிக்கு இன்னொரு கதையும் உண்டு. பாட்டை எழுதியவர் என்று இசைத்தட்டில் அச்சாகியிருப்பது மார்லியின் பெயர் இல்லை, வின்சென்ட் ஃபோர்டு என்பவரின் பெயர். ட்ரெஞ்ச் டவுனில் பசித்தவர்களுக்குக் கஞ்சித்தொட்டி நடத்தியவர் அவர். சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். வாலிப வயதில் மார்லி அவருடைய அடுப்படியில்தான் படுத்து எழுந்தார். பாட்டின் வருமானம் அவருக்குப் போய்ச் சேரட்டும், கஞ்சித்தொட்டி நிற்காமல் நடக்கட்டும் என்றுதான் மார்லி அவர் பெயரைப் போட்டார் என்று பலரும் சொல்வார்கள். அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்ட பாட்டு என்று தெரிந்த பிறகு அந்த வரியை வெறும் ஆறுதலாக என்னால் கேட்க முடியவில்லை.

அடுத்து தாளம். ரெகேயில் நம்பிக்கை வரிகளில் மட்டும் இல்லை, தாளத்திலேயே ஏதோ இருக்கிறது என்று பலர் உணர்ந்திருப்பார்கள். 'ஒன் ட்ராப்' என்று அதற்குப் பெயர். நாலு எண்ணிக்கையில் முதல் அடியில் பெரிய டிரம் விழாது, இடம் காலியாகவே போகும். மூன்றாவது எண்ணிக்கையில்தான் டிரம் விழும். இரண்டிலும் நாலிலும் கிட்டார் 'சக், சக்' என்று வெட்டிப் போகும். நம் ஆட்கள் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் எண்ணிக்கையில், அடி விழுவதை எதிர்பார்த்துப் பழகியவர்கள். பாட்டு தாளத்துக்குப் பின்னால் தொடங்கும் அனாகத எடுப்பு தெரிந்தவர்களுக்கு இந்தக் காலியிடம் அவ்வளவு அந்நியமாக இருக்காது. அந்த இடத்தில் உடம்பு தானாகவே ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளும், தோள் இறங்கும். வரியில் கோபம் கொப்பளித்தாலும் தாளம் பதறாமல் நடக்கும். மார்லியின் குழுவில் கார்ல்டன் பாரெட் டிரம்மும், அவருடைய அண்ணன் ஆஸ்டன் பாரெட் பேஸ் கிட்டாரும் வாசித்தார்கள். அந்த இரண்டு பேரை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டைக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது உடனே விளங்கும். இதற்கும் அடியில் ரஸ்தாஃபரிகளின் நயபிங்கி மேளம் இருக்கிறது. இதயத் துடிப்பு மாதிரி இரண்டிரண்டாக விழும் அடி அது.

ரஸ்தாஃபரி பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1930இல் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடிய ஹைலி செலாசியைத் தெய்வமாக ஏற்றுக்கொண்ட ஜமைக்கா ஏழைகளின் மார்க்கம் அது. அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட தங்கள் முன்னோரின் கதையை அவர்கள் பைபிளில் படித்தார்கள். பாபிலோனில் சிறையிருந்த இஸ்ரவேலர்தான் நாங்கள், எங்களை அடக்கி ஆளும் இந்த அமைப்புதான் பாபிலோன், திரும்பிப் போகவேண்டிய சீயோன் ஆப்பிரிக்கா என்றார்கள். 1970இல் மெலோடியன்ஸ் குழு பாடிய 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பெரும்பாலும் பைபிளின் 137ஆம் சங்கீதம். "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்" என்று தமிழ் வேதாகமத்தில் படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. பிறகு 1978இல் போனி எம் குழு அதைத் துள்ளலாகப் பாடி உலகமெங்கும் கொண்டுபோனது. அதைக் கேட்டு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அது நாடிழந்தவர்களின் அழுகை என்று தெரிந்திருக்கும்? இன்னொரு சங்கீதத்தில் வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளிய கல்லே மூலைக்குத் தலைக்கல் ஆயிற்று என்று வருமே, அதையும் மார்லி பாடியிருக்கிறார். வெள்ளைக்காரத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்து, தந்தை பக்கத்தால் ஒதுக்கப்பட்ட பையன் அவர். தள்ளின கல் யார் என்று தனியாக விளக்கவேண்டியதில்லை.

ரஸ்தாக்கள் ஆங்கிலத்தையே உடைத்துத் தங்களுக்கு ஏற்ற மாதிரி செய்துகொண்டார்கள். 'நாம்' என்று சொல்ல 'ஐ அண்ட் ஐ', அதாவது 'நானும் நானும்' என்பார்கள். நீயும் ஒரு நான், உன்னிலும் என்னிலும் இருக்கும் இறைவன் ஒருவன்தான், அதனால் 'நீ' என்று பிரித்துச் சொல்ல மாட்டேன் என்பது கருத்து. தமிழ் பேசுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கேட்பவரை வெளியே நிறுத்துகிற 'நாங்கள்' ஒன்று, உள்ளே சேர்த்துக்கொள்கிற 'நாம்' ஒன்று என்று நம்மிடம் இரண்டு இருக்கிறதே. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லை. அவர்கள் தங்களுக்கு ஒரு 'நாம்' செய்துகொண்டார்கள். அதே போல விடைபெறும்போது நாம் 'போயிட்டு வர்றேன்' என்கிற இடத்தில் அவர்கள் 'ஒன் லவ்' என்பார்கள். பாட்டுக்குத் தலைப்பாவதற்கு முன்பே அது தெருவில் புழங்கிய வார்த்தை.

ஒரு சின்ன விலகல். கஞ்சா என்ற சொல் ஜமைக்காவிலும் கஞ்சாதான். 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் போன இந்தியர்களோடு செடியும் சொல்லும் சேர்ந்தே போயின. ரஸ்தா மார்க்கத்தின் ஆரம்பகாலத் தலைவர் லெனார்ட் ஹோவெல் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்கூட இந்தி மொழிச் சாயல் கொண்டது. இந்த இசைக்குள் நம் பக்கத்துக் கூலிகளின் தடமும் கொஞ்சம் இருக்கிறது என்பதால் சொன்னேன்.

சரி, அமைதிக்கு வருவோம். மார்லியும் பீட்டர் டாஷும் பன்னி வெய்லரும் சேர்ந்த வெய்லர்ஸ் குழுவின் முதல் பெரிய வெற்றியே அமைதி கேட்கும் பாட்டுதான். 'சிம்மர் டவுன்', 1964 தொடக்கத்தில் ஜமைக்காவில் முதலிடம் பிடித்தது. அப்போது ரெகே பிறக்கவில்லை, அது வேகமான ஸ்கா இசை. ஜமைக்கா சுதந்திரம் அடைந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. கிராமத்திலிருந்து வேலை தேடி கிங்ஸ்டனுக்கு வந்து, வேலை கிடைக்காமல் கத்தியைத் தூக்கிய பையன்களை 'ரூட் பாய்ஸ்' என்பார்கள். அவர்களைப் பார்த்து, அவர்கள் வயதே உள்ள 18 வயதுப் பையன் மார்லி "கொதிப்பை அடக்குங்கடா" என்று பாடுகிறான். கிராமத்துப் பாட்டிகள் சொல்லும் பழமொழிகளை எடுத்துப் போட்டுப் பாடுகிறான். கோழி குதூகலமாக இருக்கும்போதுதான் பருந்து பக்கத்தில் இருக்கும் என்பது அதில் ஒன்று. போலீஸ் சொன்னால் கேட்காத பையன்கள், பாட்டி சொன்னதைத் தங்களில் ஒருவன் பாடியதும் காது கொடுத்தார்கள். ரெகே பேசும் அமைதியின் முதல் இலக்கணம் இதில் இருக்கிறது: மேலே நின்று உபதேசம் செய்யாது, பக்கத்தில் நின்று தோளைத் தொடும்.

எழுபதுகளில் கத்தி போய்த் துப்பாக்கி வந்தது. மைக்கேல் மேன்லியின் மக்கள் தேசியக் கட்சி ஒரு பக்கம், எட்வர்ட் சியாகாவின் ஜமைக்கா தொழிலாளர் கட்சி இன்னொரு பக்கம். மேற்குக் கிங்ஸ்டனில் எந்தத் தெரு எந்தக் கட்சிக்கு என்று எல்லை பிரிந்துபோனது. வீடும் வேலையும் கட்சி பார்த்துத்தான் கிடைத்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாதா, அவனுக்குப் பின்னால் ஒரு கட்சி. தப்பான தெருவுக்குள் போனால் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை.

1976 டிசம்பர் 5ஆம் தேதி கிங்ஸ்டனில் மக்களுக்காக இலவசக் கச்சேரி நடத்த மார்லி ஒப்புக்கொண்டார். பதற்றத்தைத் தணிப்பதுதான் எண்ணம். ஆனால் கச்சேரி அறிவிப்புக்குப் பின்னாலேயே தேர்தலும் அறிவிக்கப்பட்டதால், மேன்லியின் ஆளும் கட்சிக்கு ஆதரவாகப் பாடப்போகிறார் என்று பேச்சு கிளம்பியது. டிசம்பர் 3 இரவு, 56, ஹோப் ரோடு என்ற அவர் வீட்டுக்குள் துப்பாக்கிகளோடு ஆட்கள் புகுந்தார்கள். மார்லிக்கு மார்பை உரசிக்கொண்டு போன குண்டு கையில் தங்கியது. மனைவி ரீட்டாவுக்குத் தலையில் குண்டு. மேலாளர் டான் டெய்லருக்குப் பல குண்டுகள். யாரும் சாகவில்லை என்பது அதிசயம்தான். 'ஹோப்' என்றால் நம்பிக்கை என்று படிக்கத் தோன்றும். அது அந்தப் பகுதியில் பண்ணை வைத்திருந்த ரிச்சர்டு ஹோப் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயர். ஆனாலும் அந்த முகவரியை நான் ஒவ்வொரு முறையும் நம்பிக்கை என்றே படிக்கிறேன்.

இரண்டே நாளில் அவர் மேடை ஏறினார். கையில் கட்டு இருந்ததால் கிட்டார் வாசிக்க முடியவில்லை. ரீட்டா தலையில் கட்டுடன் பக்கத்தில் நின்று பாடினார். சுமார் 80,000 பேர் கூடியிருந்தார்கள். ஒரு பாட்டு மட்டும் பாடிவிட்டு இறங்குவதாகச் சொன்னவர் ஒன்றரை மணி நேரம் பாடினார். அதன் பிறகு நாட்டைவிட்டு வெளியேறி லண்டனில் தங்கினார். அங்கே உருவானதுதான் 1977இல் வந்த 'எக்ஸோடஸ்' இசைத்தட்டு.

நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்தத் தட்டின் இரண்டு பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஐந்து பாடல்கள்: துரோகம், குற்றம், எதிரிகள், ஊரைவிட்டுக் கிளம்பும் கூட்டம். தட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாவது பக்கத்தில் 'ஜாமிங்', 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்', 'ஒன் லவ்'. வாசற்படியில் வந்து உட்கார்ந்த மூன்று குருவிகள் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று பாடியதாகச் சொல்லும் அந்தக் குழந்தைப் பாட்டு, சொந்த வீட்டில் சுடப்பட்டு ஊரைவிட்டு வந்தவர் வெளியிட்டது. முதல் பக்கத்தைக் கேட்டவர்களுக்கு இரண்டாவது பக்கத்தின் எடை தெரியும். ஆனால் உலகத்தில் பெரும்பாலானோர் அந்த இரண்டாவது பக்கத்தை மட்டும்தான் கேட்டார்கள். மார்லி இறந்த பிறகு 1984இல் வந்த 'லெஜெண்ட்' என்ற தொகுப்புதான் இன்றும் மிக அதிகமாக விற்கும் ரெகே இசைத்தட்டு. அதைத் தொகுத்தவர்கள் மேற்கத்திய வீடுகளுக்குள் தடையில்லாமல் போகவேண்டும் என்று யோசித்து, காரமான பாடல்களில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு இனிமையானதைச் சேர்த்தார்கள். 'ஒன் லவ்' ஜமைக்கா சுற்றுலா விளம்பரப் பாட்டாகவும் ஆனது. ரெகே என்றால் கடற்கரை என்று உங்களுக்குத் தோன்றியது இந்த வழியாகத்தான்.

இப்போது 1978. அந்த வருடம் ஜனவரியில் எதிரெதிர் கட்சிகளின் தாதாக்களான கிளாடி மாசப்பும் பக்கி மார்ஷலும் சண்டை நிறுத்தம் அறிவித்தார்கள். அதை நிலைக்க வைக்க ஒரு கச்சேரி வேண்டும், மார்லி வந்தால்தான் ஊர் நம்பும் என்று மாசப் லண்டனுக்கே போய் அவரை அழைத்தார். ஏப்ரல் 22, தேசிய விளையாட்டரங்கம். 30,000க்கும் மேற்பட்ட கூட்டம். வசூலாகும் பணம் மேற்குக் கிங்ஸ்டன் ஏழைகளுக்குக் கழிப்பறையும் வீடும் கட்ட. அமைதி என்றால் அவர்கள் கழிப்பறை வரை யோசித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நள்ளிரவு தாண்டி மார்லி 'ஜாமிங்' பாடிக்கொண்டிருக்கும்போது, தாளம் நிற்காமலே, பிரதமர் மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் சியாகாவையும் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். இருவரும் வந்தார்கள். வராமல் இருக்க முடியாத நிலை. ஒருவர் கையையும் இன்னொருவர் கையையும் பிடித்துத் தன் தலைக்கு மேலே சேர்த்து உயர்த்தினார். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். நடுவில் மார்லி கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ இருக்கிறார், சடை பறக்கிறது. இரண்டு பக்கமும் நிற்பவர்கள் முகத்தில் என்ன செய்வதென்று தெரியாத இறுக்கம். பாபிலோன் என்று யாரைப் பாடினாரோ அவர்களையே மேடைக்கு அழைத்து, மக்கள் முன்னால் கை கோக்க வைத்தார்.

ஆனால் அதே மேடையில், மார்லிக்குச் சற்று முன்னால் பீட்டர் டாஷ் பாடினார். பாடினார் என்பதைவிடப் பேசினார் என்று சொல்லலாம். தலைவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, ஏழைகளைப் போலீஸ் நடத்தும் விதத்தையும், ஒரு கஞ்சாச் சுருட்டுக்காகப் பையன்களைச் சிறையில் தள்ளுவதையும், இந்த ஏற்பாடு முழுவதையும் கடுமையான வார்த்தைகளில் சாடினார். நான் அரசியல்வாதி இல்லை, அதன் விளைவை அனுபவிக்கிறவன் என்றார். அமைதி என்பது கல்லறையில் கிடைக்கும் பட்டம் என்ற பொருளிலும் சொன்னார். முந்தைய வருடம் வந்த 'ஈக்வல் ரைட்ஸ்' பாட்டில் அவர் பாடியதும் இதைத்தான்: எல்லோரும் அமைதி வேண்டும் என்று அழுகிறார்கள், நீதி வேண்டும் என்று யாரும் அழவில்லை. எனக்கு அமைதி வேண்டாம், சம உரிமையும் நீதியும் வேண்டும்.

தமிழில் இதைப் புரிந்துகொள்வது ரொம்பச் சுலபம். 'அமைதியாக இரு' என்று ஒருவர் நம்மிடம் சொன்னால் என்ன அர்த்தம்? வாயை மூடு என்று. இறந்தவருக்கு ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் என்ன எழுதுகிறோம்? ஆன்மா சாந்தியடையட்டும் என்று. டாஷ் எதிர்த்தது இந்த இரண்டு அமைதியையும்தான். சில மாதம் கழித்து, செப்டம்பரில், போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய் மண்டை உடையும் அளவுக்கு அடித்தது.

மார்லி சமாதானவாதி, டாஷ் கலகக்காரர் என்று இரண்டு பெட்டிக்குள் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1976இல் வந்த மார்லியின் 'வார்' பாட்டைக் கேளுங்கள். 1963 அக்டோபர் 4ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் ஹைலி செலாசி பேசிய உரைதான் அதன் வரிகள். ஓர் இனம் உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது என்ற சித்தாந்தம் ஒழியும்வரை, மனிதனின் தோல் நிறம் அவன் கண் நிறத்தைவிடப் பெரிய விஷயமில்லை என்று ஆகும்வரை அமைதி வராது என்ற பேச்சு. மார்லி செய்தது, ஒவ்வொரு 'வரை'க்கும் பின்னால் 'போர்' என்ற ஒற்றைச் சொல்லைத் தாளத்தில் இறக்கியது. டாஷ் சொன்னதும் இதுவேதான். ஒருவர் நீதி வரும்வரை அமைதியைப் பற்றிப் பேசாதே என்றார், இன்னொருவர் நீதி வரும்வரை அமைதி வராது என்று பாடிவிட்டு, இருந்தாலும் கையைக் கொடு என்றார். என்னைக் கேட்டால் டாஷ் சொன்னது சரி. ஆனால் அன்று ராத்திரி சுடப்படாமல் வீடு திரும்பவேண்டிய ஒரு தாய்க்கு மார்லி செய்ததும் தேவையாக இருந்திருக்கும்.

அந்தக் கச்சேரியால் அமைதி வந்ததா என்று கேட்டால், வரவில்லை. அடுத்த வருடம் பிப்ரவரியில் மாசப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பக்கி மார்ஷல் 1980இல் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். அந்த வருடத் தேர்தல் கலவரங்களில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கு. டாஷையும் 1987இல் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். இதை மறைத்துவிட்டு ரெகேயின் அமைதியைப் பற்றிப் பேசினால் அது பொய். சண்டை நிறுத்தம் இருந்த சில மாதங்களில் எதிர்த் தெருவில் இருந்த தன் சொந்தக்காரர்களை வருடக்கணக்கில் பார்க்காதவர்கள் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பாட்டால் அவ்வளவுதான் முடிந்தது.

ஆப்பிரிக்காவில் கதை வேறு மாதிரி நடந்தது. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே சுதந்திரம் பெற்ற இரவு, தலைநகரின் ருஃபாரோ அரங்கில் மார்லி பாடினார். அந்த நாட்டின் விடுதலைக்காக முந்தைய வருடமே பாட்டு எழுதியிருந்தார். காட்டில் போராளிகள் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள். கருவிகளையும் ஒலிபெருக்கிகளையும் சொந்தச் செலவில் கொண்டுபோனார். உள்ளே இடம் கிடைக்காத மக்கள் வேலியைத் தள்ளிக்கொண்டு வர, போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, மேடை வரை புகை வந்தது. புகை அடங்கியதும் மறுபடி வந்து பாடினார். தென்னாப்பிரிக்காவின் லக்கி டூபே, நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த 1988இல் 'டுகெதர் அஸ் ஒன்' என்று எல்லா நிறத்தவரும் ஒன்றாக வாழ்வதைப் பாடினார். டாஷின் குரலைக் கேட்டு வளர்ந்தவர் அவர். 2007இல் ஜோகன்னஸ்பர்க்கில், பிள்ளைகளை இறக்கிவிடப் போன இடத்தில், கார் திருடர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஐவரி கோஸ்ட்டின் ஆல்பா ப்ளாண்டி, மூன்று மதங்களும் கும்பிடும் எருசலேமைப் பற்றி 1986இல் பாடிய பாட்டில் எபிரேயமும் அரபியும் சேர்ந்து வரும். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதவேண்டும்.

எல்லா ரெகேயும் இப்படியா என்றால் இல்லை. இதிலிருந்து கிளைத்த டான்ஸ்ஹால் இசையில் துப்பாக்கியைக் கொண்டாடும் பாடல்கள் ஏராளம், ஒருபாலீர்ப்பாளர்களைச் சுடச் சொல்லும் பாட்டுகூட உண்டு. 1992இல் அப்படி ஒன்றைப் பாடிய பூஜு பாண்டன்தான் அடுத்த வருடமே, சக பாடகர்கள் கொல்லப்பட்ட துக்கத்தில், கொலைகாரனை மனசாட்சி முன் நிறுத்தும் 'மர்டரர்' பாடினார். ஒரே குரலில் இரண்டும் இருக்கின்றன. முதலாவதை நியாயப்படுத்த என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டாவதைக் கேட்கும்போது சாவு வீட்டின் சூடு தெரிகிறது.

கடைசியாக மார்லியின் 'ரிடெம்ப்ஷன் சாங்'. 1980இல் வந்தது. டிரம் இல்லை, பேஸ் இல்லை, ஒன் ட்ராப் இல்லை, ஒரே ஒரு கிட்டார். புற்றுநோய் உடம்பில் பரவிக்கொண்டிருந்த காலம். மன அடிமைத்தனத்திலிருந்து உங்களை நீங்களே விடுவித்துக்கொள்ளுங்கள், நம் மனதை விடுவிக்க நம்மைத் தவிர வேறு யாராலும் முடியாது என்ற வரிகள், கறுப்பின விடுதலைக்குக் குரல் கொடுத்த ஜமைக்கா தலைவர் மார்கஸ் கார்வி 1937இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஆற்றிய உரையிலிருந்து வந்தவை. பாட்டில் பாடுகிறவன் கேட்பது ஒன்றுதான்: இந்த விடுதலைப் பாட்டுகளைப் பாட நீங்களும் கூட வரமாட்டீர்களா? அடுத்த வருடம் மே 11ஆம் தேதி, 36 வயதில் மார்லி இறந்துபோனார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று கேட்பீர்கள். தொகுப்புத் தட்டுகளை விடுங்கள். 'எக்ஸோடஸ்' தட்டை முதல் பாட்டிலிருந்து வரிசை மாற்றாமல் கேளுங்கள். அப்புறம் டாஷின் 'ஈக்வல் ரைட்ஸ்' முழுத்தட்டு. அதன் பிறகு 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பதிவான 'நோ உமன், நோ க்ரை'. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஆர்கன் மெதுவாகத் தொடங்குகிறது. மார்லி இன்னும் பாட ஆரம்பிக்கவில்லை. எங்கோ தூரத்திலிருந்து வருவது போல, அரங்கில் இருக்கிற கூட்டம் அந்த முதல் வரியைத் தானாகவே பாடிக்கொண்டிருக்கிறது.